பூஹா: மாவோரி மக்களின் காட்டுக்கீரை

பூஹா என்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறித்து உண்டுவரும் காட்டுக்கீரை ஆகும். டான்டிலியான் பூவைப் போன்ற மஞ்சள் பூவும், தண்டை ஒடித்தால் வடியும் வெள்ளைப் பாலும் இதன் முதல் அடையாளங்கள். இன்று அங்கே பூஹா என்று பெரும்பாலும் பறிக்கப்படும் செடியின் தாவரவியல் பெயர் சோன்கஸ் ஓலரேசியஸ். ஆங்கிலத்தில் இதைச் சௌ திசில் என்பர். சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி ஆகியவை இடம்பெறும் ஆஸ்டரேசியே குடும்பத்தைச் சேர்ந்தது.

ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, இப்போது அண்டார்டிக்கா தவிர எல்லாக் கண்டங்களிலும் வளர்கிறது. பெரும்பாலான நாடுகளில் உழவர்கள் இதைக் களை என்று பிடுங்கி எறிகிறார்கள். சில நாடுகளில் இது அன்றாடக் கீரை. இரண்டும் ஒரே செடிதான். எப்போது பறிப்பது, எங்கே பறிக்கக் கூடாது, கசப்பை எப்படிப் போக்குவது, எதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது என்ற அறிவு உள்ள வீட்டில் மட்டுமே இது உணவாகிறது. அந்த அறிவையே இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்கள்

சோன்கஸ் என்பது இச்செடிக்குக் கிரேக்கர்கள் வழங்கிய பழைய பெயரிலிருந்து வந்தது. ஓலரேசியஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குக் 'கீரையாக உண்ணத் தக்கது' என்று பொருள். சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் இப்பெயரை வைத்தார். ஆகவே, உலகம் முழுவதும் களை என்று பட்டியலிடப்படும் இச்செடி தன் அறிவியல் பெயரிலேயே கீரை என்ற அடையாளத்தைச் சுமந்து நிற்கிறது.

ஆங்கிலப் பெயரில் உள்ள 'சௌ' என்பது பெண் பன்றியைக் குறிக்கும். பன்றிகள் இதை விரும்பித் தின்னும். முயலுக்கும் இது பிடித்த தீனி.

மாவோரி மொழியில் பூஹா என்ற பெயரே பரவலானது. சில வட்டாரங்களில் இதைப் பூஃபா என்று ஒலிப்பர். ரௌரிகி என்ற பெயரும் உண்டு. 'ரௌ' என்றால் இலை, 'ரிகி' என்றால் சிறியது.

செடியின் அமைப்பு

பூஹா ஓராண்டுச் செடி. விதை முளைத்ததும் முதலில் தரையோடு தரையாக வட்டமாக இலைகளைப் பரப்பும். பிறகு நடுவிலிருந்து தண்டு எழும். நல்ல மண்ணில் ஒரு மீட்டருக்கும் மேல் உயரும். வறண்ட இடத்தில் ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிடுவதும் உண்டு. வேர், ஆணிவேர். தண்டு உள்ளீடற்றது, அழுத்தினால் எளிதில் நசுங்கும்.

இலை மெல்லியது, பளபளப்பில்லாதது, சாம்பல் கலந்த பச்சை நிறம் உடையது. அடிப்பகுதி இலைகள் இருபுறமும் ஆழமாக வெட்டுப்பட்டு, நுனியில் மட்டும் அகன்ற முக்கோண மடலுடன் இருக்கும். விளிம்பில் சிறு பற்கள் இருந்தாலும் கையைக் குத்தாது. தண்டின் மேற்பகுதியில் உள்ள இலைகளுக்குக் காம்பு கிடையாது. இலையின் அடி இரண்டு காதுமடல்களாகப் பிரிந்து தண்டைக் கட்டிப்பிடித்திருக்கும். இந்தக் காதுமடல்கள் கூர்மையாக முடியும். இனத்தைப் பிரித்தறிய இதுவே நம்பகமான குறி.

தண்டு, இலை, வேர் ஆகிய எல்லாவற்றிலும் பால் ஓடும் நுண்குழாய்கள் உள்ளன. எங்கே கிள்ளினாலும் வெள்ளைப் பால் வரும். காற்றுப் பட்டதும் அது பிசுபிசுப்பாகிப் பழுப்பு நிறமாகும். இலையைக் கடிக்கும் பூச்சியின் வாயை இந்தப் பிசின் ஒட்டவைக்கிறது. அதில் உள்ள கசப்புப் பொருள்கள் மற்ற உயிர்களை விலக்குகின்றன. பால் செடியின் தற்காப்பு.

பூவின் உள்ளே

பூஹாவின் மஞ்சள் பூ ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டரை செ.மீ. வரை அகலமுள்ளது. நாம் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் பூங்கொத்து. அதில் உள்ள ஒவ்வொரு 'இதழு'ம் தனிப் பூ. ஒன்றைப் பிடுங்கிக் கைக்கண்ணாடியில் பார்த்தால், நாக்கு போன்ற பட்டையின் நுனியில் ஐந்து சிறு பற்கள் தெரியும். ஐந்து இதழ்கள் ஒன்றாக இணைந்ததன் தடம் அது. அடியில் சூலகமும், நடுவில் சூல்தண்டும் மகரந்தப் பையும் இருக்கும்.

சூரியகாந்தியில் ஓரத்தில் நாக்குப் பூக்களும் நடுவில் குழல் பூக்களும் உண்டு. பூஹாவிலோ அத்தனையும் நாக்குப் பூக்களே. டான்டிலியான், சிக்கரி, லெட்டூஸ் ஆகியவையும் இதே அமைப்பு உடையவை. அவற்றிலும் பால் வடியும். காப்பியில் கலக்கும் சிக்கரிக்கும், சாலட்டில் சேர்க்கும் லெட்டூஸ் இலைக்கும் பூஹா நெருங்கிய உறவு.

பூ காலையில் விரிந்து, வெயில் ஏறும்போது மூடிக்கொள்ளும். பின்னர் அடி பருத்துக் கூஜா வடிவம் கொள்ளும். விதை முற்றியதும் மீண்டும் திறந்து, வெண்பஞ்சு உருண்டையாகும். காற்றடித்தால் ஒவ்வொரு விதையும் தன் பஞ்சைப் பிடித்துக்கொண்டு பறக்கும். தன் மகரந்தத்தாலேயே கருவுற முடிவதால், புது இடத்தில் ஒரே ஒரு விதை விழுந்தாலும் அங்கே ஒரு குடும்பம் உருவாகிவிடும். ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளைத் தரும்.

டான்டிலியானிலிருந்து வேறுபடுத்துதல்

பூவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பூவைத் தாங்கும் தண்டைப் பார்த்தால் குழப்பம் தீரும். டான்டிலியானில் கிளையும் இலையும் இல்லாத வெறுந்தண்டின் உச்சியில் ஒரே ஒரு பூ இருக்கும். இலைகள் எல்லாம் தரையில் கிடக்கும். பூஹாவில் தண்டு கிளைக்கும், தண்டில் இலைகள் இருக்கும், உச்சியில் பல பூக்கள் கொத்தாக இருக்கும். டான்டிலியான் பல்லாண்டு வாழும். பூஹா விதைத்ததும் மடிந்துவிடும்.

பூஹா என்னும் பெயரில் மூன்று செடிகள்

மாவோரி மக்கள் பூஹா என்று அழைப்பது ஒரே இனத்தை மட்டும் அன்று.

முதலாவது, மேலே சொன்ன சோன்கஸ் ஓலரேசியஸ். மென்மையானது, சமையலுக்கு இன்று அதிகம் விரும்பப்படுவது.

இரண்டாவது, சோன்கஸ் ஆஸ்பெர். இலை பளபளப்பாகவும் தடிப்பாகவும் இருக்கும். விளிம்பு முள் கையைக் குத்தும். இதன் காதுமடல்கள் கூராக இல்லாமல் வட்டமாகச் சுருண்டிருக்கும். இதையும் உண்ணலாம். இளந்தளிரைச் சமைத்தால் முள் மென்மையாகிவிடும். ஆனாலும் கசப்பு கூடுதல்.

மூன்றாவது, சோன்கஸ் கிர்க்கியை. நியூசிலாந்துக்கே உரிய இனம் இது. தாமஸ் கிர்க் என்ற தாவரவியலாளரின் பெயரைத் தாங்கியது. கடலோரப் பாறைச் சரிவுகளிலும் நீர் கசியும் இடங்களிலும் வளரும். ஐரோப்பியர் வருகைக்கு முன் மாவோரி மக்கள் பறித்த பூஹா இதுவே எனக் கருதப்படுகிறது. இன்று இது அருகிவரும் செடிகளில் ஒன்று. வெளியிலிருந்து வந்த உறவினர் வயலெங்கும் பரவியிருக்க, மண்ணின் மைந்தன் கடற்கரைப் பாறைகளில் ஒதுங்கியிருக்கிறது. கடலோரப் பாறையில் நீலம் கலந்த பச்சை இலையுடன் ஒரு பூஹாவைக் கண்டால் அதைப் பறிக்காமல் விடுவதே முறை.

பழைய உலகில்

ஐரோப்பாவின் தென்பகுதியில் இச்செடியை உண்ணும் வழக்கம் மிகப் பழையது. கிரேக்கத் தொன்மத்தில் தெசியஸ் என்ற வீரன் மராத்தான் ஊரின் காளையை அடக்கப் புறப்படுகிறான். வழியில் மழைக்கு ஒதுங்கிய அவனை ஹெகாலே என்ற ஏழை மூதாட்டி தன் குடிசைக்குள் அழைத்து விருந்தளிக்கிறாள். கல்லிமாக்கஸ் என்ற கவிஞர் இக்கதையைப் பாடினார். அந்த விருந்தில் சௌ திசில் இருந்ததை உரோமானிய எழுத்தாளர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். வீட்டில் ஒன்றும் இல்லாதவர் வரும் விருந்தினருக்கு வரப்பில் பறித்ததைச் சமைத்துப் போடும் வழக்கம் எல்லா நாட்டுக்கும் பொது.

இன்றும் கிரேக்கர்கள், குறிப்பாகக் கிரீட் தீவினர், மழைக்குப் பிறகு வயலோரங்களில் பலவகைக் காட்டுக்கீரைகளைப் பறித்து ஒன்றாக வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டு உண்கிறார்கள். 'ஹோர்த்தா' எனப்படும் அந்தக் கலவைக் கீரையில் இச்செடியும் ஒன்று.

நியூசிலாந்தில்

மாவோரி மக்களின் முன்னோர் சுமார் 13ஆம் நூற்றாண்டில் பசிபிக் தீவுகளிலிருந்து படகுகளில் நியூசிலாந்தை அடைந்தனர். சர்க்கரைவள்ளி, சேம்பு, வள்ளிக்கிழங்கு, சுரை ஆகியவற்றைக் கொண்டுவந்தனர். வெப்பத் தீவுகளின் பயிர்களுக்கு இந்தக் குளிர் நாடு ஒத்துவரவில்லை. தென்னை முளைக்கவே இல்லை. சேம்பும் வள்ளியும் வெதுவெதுப்பான வடபகுதியில்தான் பிழைத்தன. ஆகவே புதிய மண்ணில் தாமாக முளைத்தவற்றில் எவை உண்ணத் தக்கவை என்று ஒவ்வொன்றாகக் கண்டறிய வேண்டியிருந்தது. பெரணி வேர், முளைக்குருத்து, கடற்பாசி ஆகியவற்றுடன் பூஹாவும் அவர்களது உணவில் இடம்பெற்றது.

1769-70இல் ஜேம்ஸ் குக்கின் முதல் கடற்பயணத்தில் உடன் வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், இங்கிலாந்தில் இருப்பதைப் போன்ற சௌ திசில் நியூசிலாந்திலும் இருப்பதாகத் தம் குறிப்பில் எழுதினார். அக்காலக் கப்பல் மாலுமிகளை ஸ்கர்வி என்ற நோய் வாட்டியது. மாதக்கணக்கில் பச்சைக் காய்கறி இல்லாமல் வைட்டமின் சி குறைவதால் ஈறு வீங்கிப் பல் ஆடும். பழைய புண்கள்கூடத் திறந்துகொள்ளும். கரை இறங்கிய இடமெல்லாம் கிடைத்த கீரையைப் பறித்துச் சமைக்கும்படி குக் வற்புறுத்தினார்.

அதன் பின்னர் ஐரோப்பியர் வழியாகப் பன்றியும் உருளைக்கிழங்கும் கோதுமை மாவும் வந்தன. அதற்கு முன் பூஹா மீனுடனும் சிப்பியுடனும் பறவை இறைச்சியுடனும் சமைக்கப்பட்டது. 'டீட்டீ' என்னும் கடற்பறவையின் குஞ்சை உப்பிட்டுப் பதப்படுத்தி, பூஹாவுடன் சேர்த்து வேகவைப்பது இன்றும் உண்டு. சிப்பிக்கறியைப் பூஹாவின் சாற்றில் ஊறவைத்துப் பாதுகாக்கும் உணவுக்குத் 'தொரோய்' என்று பெயர்.

சமையல் முறை

மாவோரி வீடுகளில் பூஹா என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது 'பாயில்-அப்' என்னும் ஒரே பானைச் சமையல். பன்றியின் முதுகெலும்பை உப்பிட்டு, எலும்பிலிருந்து இறைச்சி கழலும்வரை மெல்லிய தீயில் வேகவைக்கிறார்கள். உருளைக்கிழங்கு அல்லது சர்க்கரைவள்ளி சேர்க்கிறார்கள். சுத்தம் செய்த பூஹாவை அதே நீரில் போடுகிறார்கள். கடைசியில் கோதுமை மாவைச் சோடா மாவுடன் பிசைந்து உருட்டிய உருண்டைகளை மேலே வைத்து மூடுகிறார்கள். ஆவியில் அவை உப்பி வேகும். பூஹா கிடைக்காத காலத்தில் வாட்டர்கிரெஸ் என்னும் ஓடைக்கீரையைப் போடுவர். பன்றி, உருளை, மாவு ஆகியவை வெளியிலிருந்து வந்தவை. ஆனால் கீரையைப் பறித்து உண்ணும் பழக்கம் பழையது.

இந்தச் சமையலில் முக்கியமான வேலை பானை ஏறுவதற்கு முன்பே நடக்கிறது. பறித்த பூஹாவை நிறையத் தண்ணீரில் போட்டு, இரு கைகளாலும் துணி துவைப்பதுபோல் ஒன்றோடொன்று தேய்த்துக் கசக்குவார்கள். தண்ணீர் பச்சையாக மாறும். அதைக் கொட்டிவிட்டு மீண்டும் நீர் ஊற்றித் தேய்ப்பார்கள். காரணம் எளிது. கசப்பு பெரும்பாலும் பாலில் இருக்கிறது. பால் நுண்குழாய்களுக்குள் இருக்கிறது. இலையை வெறுமனே அலசினால் மேலே உள்ள மண் போகுமே தவிரப் பால் உள்ளேயே நிற்கும். கசக்கினால் குழாய்கள் உடைந்து பால் நீரில் கரைகிறது.

பறிக்கும் பருவமும் கசப்பைக் கூட்டும், குறைக்கும். பூமொட்டு வருவதற்கு முன் உள்ள இளஞ்செடியே மென்மையானது. தண்டு ஓடி மொட்டு வைத்ததும் கசப்பு ஏறும். அப்போது உச்சித் தளிரை மட்டும் கிள்ளலாம். மஞ்சள் பூ வந்துவிட்டால் கண்ணுக்கு அடையாளம் எளிது. வாய்க்குச் சுவை போய்விட்டிருக்கும். ஆகவே பூவைப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த மழையில் அங்கே முளைக்கும் இளஞ்செடியைப் பறிப்பது அனுபவசாலிகளின் வழி.

மெல்லும் பிசின்

பூஹாவின் பாலுக்கு இன்னொரு பயனும் இருந்தது. தண்டைக் கீறி வடியும் பாலைச் சேர்த்து உலரவிட்டால் அது ரப்பர் போன்ற பிசினாகும். நியூசிலாந்தின் கௌரி மரத்திலிருந்து கிடைக்கும் பிசினை ஊறவைத்து மென்மையாக்கி, பூஹாப் பாலுடன் கலந்து மாவோரி மக்கள் மென்றனர். சுவிங்கம் கடைக்கு வருவதற்கு வெகு காலம் முன்னரே அங்கே அது வழக்கத்தில் இருந்தது.

சத்து

பூஹாவின் இலையில் வைட்டமின் சி, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின், கால்சியம், இரும்பு ஆகியவை உள்ளன. ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலமான ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் உண்டு. நீரில் கரையும் வைட்டமின் சி, நீண்ட நேரம் வேகவைத்தால் குறையும். ஆகவே வேகவைத்த நீரைக் கொட்டாமல் குடிப்பது நல்லது. பாயில்-அப் உணவில் அந்த நீரே குழம்பாகிவிடுவதால் அந்த இழப்பு ஓரளவு ஈடாகிறது.

உரம் அதிகம் இட்ட நிலத்தில் வளரும் கீரைகளில் நைட்ரேட் மிகுதியாகச் சேரும். பூஹாவும் அதற்கு விலக்கன்று. மாட்டுத்தொழுவ ஓரத்தில் தளதளவென்று நிற்பது பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கைக்குழந்தைகளுக்கு ஏற்றதன்று. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவர்கள், மற்ற கரும்பச்சைக் கீரைகளைப் போலவே இதையும் மருத்துவரிடம் கேட்டே உண்ண வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே அம்மருந்துக்கு எதிராக வேலை செய்யும். சாமந்திக் குடும்பச் செடிகளால் ஒவ்வாமை வருபவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

களையாக

உழவரின் கோணத்தில் இச்செடி பெரும் தொல்லை. ஆண்டின் பெரும்பகுதியில் எப்போது ஈரம் கிடைத்தாலும் முளைக்கும். விதை மிகச் சிறியது என்பதால் மண்ணின் மேற்பரப்பில் கிடந்தால்தான் முளைக்கும். ஆழப் புதைந்தால் முளைக்காது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்குத் தானிய வயல்களில், மண்ணரிப்பைத் தடுக்கவும் ஈரத்தைக் காக்கவும் உழவில்லா வேளாண்மையைக் கைக்கொண்டனர். மண் புரட்டப்படாததால் விதைகள் மேலேயே தங்கின; இச்செடி பெருகியது. களையைக் கட்டுப்படுத்த உழவுக்குப் பதிலாகக் கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லியையே நம்பினர். 2014இல் அந்த மருந்துக்கும் சாகாத சௌ திசில் செடிகள் அங்கே உறுதிசெய்யப்பட்டன.

இதைத் தவிர, லெட்டூஸ் பயிரைத் தாக்கும் அசுவினிகளுக்கும் வைரஸ் நோய்களுக்கும் இச்செடி இடைக்காலத் தங்குமிடமாகிறது. பயிர் இல்லாத மாதங்களில் நோய் இதில் காத்திருந்து, அடுத்த பருவத்தில் வயலுக்குத் திரும்பும்.

நகரத்தில் பறித்தல்

1945இல் மாவோரி மக்களில் நான்கில் ஒரு பங்கினரே நகரங்களில் வாழ்ந்தனர். 1980களின் நடுவில் ஐந்தில் நான்கு பங்கினர் நகரவாசிகள் ஆகிவிட்டனர். வேலை தேடி ஊரை விட்டு வந்தவர்கள் பூஹாவை விட்டுவிடவில்லை. செடியும் அவர்களுக்கு முன்பே நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. வெற்று மனைகள், இரயில் பாதை ஓரங்கள், பூங்காக்களின் வேலிகள், சாலைக் கரைகள் என எங்கும் அது முளைத்தது. ஆக்லாந்தின் தெற்கே ஓத்தாரா சனிக்கிழமைச் சந்தையில் பூஹாக் கட்டுகள் விற்பனைக்கு வரும்.

ஊரில் பாட்டி பறித்த இடத்தில் எந்த ஐயமும் இல்லை. நகரத்தில் செடி அதே செடிதான் என்றாலும் மண் வேறு. இங்கேதான் பழைய அறிவுடன் புதிய அறிவும் சேர வேண்டியிருக்கிறது.

முதலாவது, ஈயம். நியூசிலாந்தில் 1996இல்தான் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. அதுவரை வாகனப் புகையில் வந்த ஈயம் சாலையோர மண்ணில் படிந்தது. ஈயம் மண்ணில் மக்கிப் போவதில்லை. பழைய வீடுகளின் சுவரிலிருந்து உரிந்து விழுந்த ஈயச் சாயமும் அப்படியே கிடக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு.

இரண்டாவது, களைக்கொல்லி. சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் களைகளுக்கு மருந்து அடிப்பது வழக்கம். கிளைஃபோசேட் இலையின் மேல் தங்காமல் செடியின் உள்ளே புகுந்து வேர்வரை செல்லும் மருந்து. அடித்த பின் பல நாட்கள் செடி பச்சையாகவே நிற்கும். எத்தனை முறை கழுவினாலும் உள்ளே போனது வெளியே வராது. ஆகவே, மருந்து அடிக்கப்பட்டதா என்று தெரியாத இடத்தில் பறிக்காமல் இருப்பதே ஒரே பாதுகாப்பு.

மூன்றாவது, நாய்கள் நடமாடும் இடங்களும் சாக்கடை ஓரங்களும். இங்கே பறித்தால் கிருமிகள் வரும். நன்கு வேகவைத்தால் பெரும்பாலானவை அழியும். ஆனால் ஈயமும் மருந்தும் வெந்தாலும் போகாது.

இவற்றுக்கெல்லாம் எளிய மாற்று, வீட்டுத் தோட்டத்தில் ஒரு பாத்தி ஒதுக்குவது. முற்றிய பஞ்சுத் தலை ஒன்றைத் தூவினால் போதும். நீர் தெளித்தால் தானே முளைக்கும். நிழலில் வளரும் செடி மென்மையாக இருக்கும்.

அடையாளம் தவறினால்

காட்டுக்கீரையில் மிகப் பெரிய ஆபத்து, வேறொரு செடியைப் பறித்துவிடுவது. பூஹா வளரும் இடங்களிலேயே மஞ்சள் பூப் பூக்கும் நச்சுச் செடிகளும் வளர்கின்றன.

ராக்வொர்ட், கிரவுண்ட்செல் ஆகிய இரண்டும் பூஹாவின் குடும்பத்தையே சேர்ந்தவை. இவற்றின் இலையும் வெட்டுப்பட்டிருக்கும், பூ மஞ்சள். இவற்றில் பைரோலிசிடின் அல்கலாய்டு என்ற நச்சுப்பொருள்கள் உள்ளன. அவை கல்லீரலைக் கெடுக்கும். உண்ட உடனே வாந்தியோ வயிற்றுவலியோ வராமல் போகலாம் என்பதே இந்த நஞ்சின் கொடுமை. சிறிது சிறிதாக உண்டாலும் கேடு சேர்ந்துகொண்டே போகும். மாடுகளும் குதிரைகளும் ராக்வொர்ட் தின்று இறப்பதுண்டு. வேகவைப்பதால் இந்த நஞ்சு நீங்கிவிடும் என்று நம்பக் கூடாது.

இவற்றை விலக்க முதல் சோதனை பால். ராக்வொர்ட்டிலும் கிரவுண்ட்செல்லிலும் வெள்ளைப் பால் வராது. பூஹாவில் வரும்.

ஆனால் பால் வந்தால் மட்டும் பூஹா என்று முடிவு செய்துவிடக் கூடாது. எருக்கம்பாலையும் கள்ளிப்பாலையும் அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் அம்மான் பச்சரிசியின் உறவான பெட்டி ஸ்பர்ஜ் என்ற சிறு செடி நியூசிலாந்துத் தோட்டங்களில் பூஹாவின் பக்கத்திலேயே முளைக்கும். அதிலும் வெள்ளைப் பால் உண்டு. அது தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதன் இலை சிறியது, முட்டை வடிவானது, வெட்டுப்படாதது. பூ பச்சை நிறமானது.

எனவே நான்கு குறிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஒடித்தால் வெள்ளைப் பால், உள்ளீடற்ற தண்டு, தண்டைக் கட்டிப்பிடிக்கும் காதுமடல் இலை, அத்தனையும் நாக்குப் பூக்களால் ஆன மஞ்சள் பூ. இளஞ்செடியில் தண்டும் பூவும் இருக்காது. ஆகவே பக்கத்தில் முற்றிய செடி ஒன்று நின்றால் அதனுடன் ஒப்பிட்டுப் பறிக்கலாம். நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும் விட்டுவிட வேண்டும். முதல்முறை பறிப்பவர் நன்கு தெரிந்த ஒருவருடன் சென்று பறிப்பதே சிறந்தது.

தமிழ்நாட்டில் ஒரு தொடர்பு

சோன்கஸ் ஓலரேசியஸ் இந்தியாவிலும் களையாக வளர்கிறது. நீலகிரியில் தோட்டங்களிலும் பாதையோரங்களிலும் இதைக் காணலாம்.

பெயரளவில் இன்னொரு தொடர்பும் உண்டு. நம் ஊர் வயல் வரப்புகளில் வளரும் முயற்செவி என்ற மூலிகையின் தாவரவியல் பெயர் எமிலியா சோன்கிஃபோலியா. 'சோன்கஸ் இலை போன்ற இலை உடையது' என்று இதற்குப் பொருள். கேரளத்தில் தசபுஷ்பம் எனப்படும் பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. பெயர் வைத்தவர் கண்ணுக்கே இலை ஒன்றுபோல் தெரிந்தது என்றால், புதிதாகப் பறிப்பவர் தவறுவது எளிது. முயற்செவியின் பூ மஞ்சள் அன்று. ஊதா கலந்த இளஞ்சிவப்பு. அதில் ராக்வொர்ட்டில் உள்ள அதே வகை அல்கலாய்டுகள் உள்ளன. மருந்தாகச் சிறிதளவு கொடுப்பதும் கீரையாகக் கிண்ணம் நிறைய உண்பதும் ஒன்றல்ல. நீலகிரிக்குச் சென்று இணையத்தில் பார்த்த படத்தை நம்பிப் பூஹா பறிக்க நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பறிக்கும் அறிவு

ஒரு காட்டுக்கீரையை உண்ணும் வழக்கம் பெரும்பாலும் சமையல் குறிப்பாக மட்டுமே எழுதி வைக்கப்படுகிறது. எங்கே பறிப்பது, எதை விடுவது, எவ்வளவு தேய்ப்பது என்பவை, சிறுவர்கள் பெரியவர்களுடன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது கற்றுக்கொண்டவை. அந்த நடை நின்றுபோனால் செடி இருக்கும், குறிப்பும் இருக்கும். இடையில் இருந்த அறிவு போய்விடும். அப்போது ஒரு சாரார் செடியைக் களை என்று ஒதுக்குவர். மற்றொரு சாரார் ஆர்வத்தில் தவறான செடியைப் பறிப்பர். மாவோரி குடும்பங்களில் இன்றும் பிள்ளைகளைப் பூஹா பறிக்க அழைத்துச் செல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஒருவேளைக் கீரையை மட்டும் அல்ல.